மேசைக்குப் போட்ட கறை

எங்கள் கோயிலில் திருவிருந்து மேசைக்குத் துணி விரிப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. சனிக்கிழமை துவைத்துக் கஞ்சி போட்டு வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருமுன்னே போய் விரித்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். நாலு பேர் பார்க்க எதையும் செய்ய வராது எனக்கு. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த மேசை முழுக்கப் பச்சைப் பெயிண்ட். தங்கம் எடுக்கிற மைன்ஸில் எந்தப் பெயிண்ட் மிஞ்சுகிறதோ அதையே அடித்து அடித்து, அப்பளம் மாதிரி பொரிந்து கிடந்தது. ஆனால் விளிம்பைத் துடைக்கும்போதெல்லாம் என் விரலுக்கு ஒன்று தட்டுப்படும். பெயிண்டுக்கு அடியில் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். எனக்குக் கல்யாணம் நடந்ததும் அந்த மேசைக்கு முன்னால்தான்.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நாட்கள் அவை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் போட்டார்கள். மைக்கா ஒட்டின புது மேசை வாங்கிவிடலாம், பழசை உடைத்து அறுப்பின் பண்டிகைச் சமையலுக்கு அடுப்பில் வைக்கலாம் என்றார் கமிட்டிப் பெரியவர். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து நின்றிருந்தேன். எப்படி எழுந்தேனோ, இன்றைக்கும் தெரியாது.

"எங்கிட்ட குடுங்க. நான் பாலிஷ் போட்டுத் தரேன்."

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் பார்க்கிற மாதிரி ஆகாவிட்டால் அடுப்புதான் என்று முடிவானது.

சின்ன வயதில் ஒரு துரை பங்களாவில் தூசி தட்டுகிற வேலை பார்த்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பாலிஷ்காரர் வருவார். அவர் செய்ததைப் பார்த்தது மட்டும்தான் என் கைமுதல்.

கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீட்டு வாசலில் மேசையை இறக்கினார்கள். உடைந்த கண்ணாடித் துண்டை வைத்துச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே சாம்பல் நிறம், அதற்குக் கீழே இன்னொரு பச்சை. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு, சுரங்கத்தின் ஆழத்தைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இன்னா, எத்தினாவது லெவல்ல இருக்கே?"

"மூணு."

"பாத்து எறங்கு. தங்கம் கெடைச்சா கம்பெனிக்குச் சொல்லிடணும்."

கிடைத்தது தேக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, திராட்சை ஒவ்வொன்றாய் வெளியே வந்தது. பிறகு நிறம் ஏற்ற ஒரு ஸ்டெயின் டப்பா வாங்கி வரச் சொன்னேன். அவருக்கு மைன்ஸ் இங்கிலீஷ் தெரியும், சிரித்துவிட்டார். ஸ்டெயின் என்றால் கறையாம். சட்டையில் பட்டால் சோப்புப் போட்டு மல்லுக்கு நிற்கிறவள், மேசைக்குக் கடையில் வாங்கிக் கறை போடுகிறாளா என்று ஒரு வாரம் லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

நிறம் நன்றாகவே ஏறியது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து நனைத்து, வாசலில் வைத்தே முதல் பூச்சுப் போட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டின மண், சயனைட் மேடு என்று மலை மாதிரி எங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கிறது. துணி காயப்போடக்கூட அந்த மேட்டைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டுதான் கொடிக்குப் போவேன். மேசைக்குப் பார்க்க மறந்துவிட்டேன். ஒரே காற்று. ஈரப் பூச்சில் வெள்ளைத் தூள் அப்பிக்கொண்டது.

"இன்னாக்கா, மேசைக்குப் பவுடர் போட்டுத்தான் கோயிலுக்கு அனுப்புவியா?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

பண்டிகைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அழக்கூட நேரமில்லை. ஸ்பிரிட்டைத் தொட்டு எல்லாவற்றையும் வழித்தெடுத்தேன். மறுபடி உப்புத்தாள், மறுபடி கறை. இந்தத் தடவை மேசையை முன்னறைக்குள் திணித்து, கதவைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் பழம் புடவை அடைத்தேன். நாங்கள் அடுப்பங்கரையில் முழங்கால் இடிக்கச் சாப்பிட்டோம். பூச்சு மேல் பூச்சு, காய விட்டு இன்னொரு பூச்சு. வீடெல்லாம் ஸ்பிரிட் நாற்றம்.

வெள்ளிக்கிழமை கமிட்டிப் பெரியவர் பார்க்க வந்தார். கொல்லைப்புறமாக உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்து, வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் தொடலீங்க ஐயா," என்றார் இவர். "மேசைதான் குடிக்குது. மூணு பாட்டில் ஆச்சு, இன்னும் நிறுத்தல."

பெரியவர் முன்னறைக்குள் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். போகும்போது, தூசி புகாமல் கதவை மெதுவாக அவரே சாத்திவிட்டுப் போனார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பண்டிகை அன்று கரும்பும் பூசணியும் வாழைத்தாரும் சுற்றி நிற்க, நடுவில் மேசை. ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து திராட்சை ஈரமாய் இருப்பதுபோல் மினுங்கியது. நான் வழக்கம்போலத் துணியோடு போனேன், ஆனால் அதற்குள் சபை நிறைந்துவிட்டது. பாஸ்டர் ஐயா கையைக் காட்டித் தடுத்தார்.

"இன்னிக்குத் துணி வேணாம்மா. மூடி வைக்கவா இவ்ளோ பாடுபட்டீங்க?"

கமிட்டிப் பெரியவர் முன் பெஞ்சிலிருந்து, சபை முழுதும் கேட்கிற மாதிரி, இந்த நிறம் வர என்ன போட்டேன் என்று கேட்டார். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"கறைங்க," என்றேன். குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போனது.

சபையே சிரித்தது. என் வீட்டுக்காரர் சிரிப்புத்தான் எல்லாச் சிரிப்புக்கும் மேலே கேட்டது.

அன்றைக்குச் சமையலுக்கு வேறு விறகு வாங்கினார்கள். துணியின் கஞ்சி மொடமொடப்புக் கலையவே இல்லை. அடுத்த ஞாயிறும் அதையே கொண்டுபோனேன். அடுத்த ஞாயிறும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.