நாடகத்துக்கு வசன எண் போட்ட ஸ்மைலின்

கருங்கல் ஊர்க்காரி ஸ்மைலினுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. சென்னையில் ஒரு வேலை, பெங்களூரில் இரண்டு. எல்லாவற்றையும் ஏதோ ஒரு கோபத்தில் உதறிவிட்டு ஊர் வந்து சேர்ந்தவள். இப்போது வீட்டு மாடியில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். இதிலாவது காலூன்றிவிட வேண்டும் என்று அவளுக்கே ஆசைதான். இந்த வயதில் இன்னொரு இடத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

வேலை இதுதான். பழைய ஆங்கில நாடகத்தை இணையத்தில் படிக்கிற மாணவர் ஒரு வரியைத் தொட்டால் போதும். எந்த நாடகம், எந்த அங்கம், எந்தக் காட்சி, எத்தனையாவது வரி என்று கட்டுரையில் போடவேண்டிய மேற்கோள் குறிப்பைக் கருவியே எழுதிக் கொடுத்துவிடும். வடிவமைப்புப் பொறுப்பு முழுக்க ஸ்மைலினிடம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டேதான் அதைச் செய்து முடித்தாள்.

வெளியிடுவதற்கு முந்தின வாரம், கல்லூரியில் கூடப் படித்த சிவபிரசாத்திடம் காட்டினாள். அவன் நாகர்கோவிலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். தன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கருவி சொன்ன வரியைத் தேடினான். முகம் சுருங்கியது.

“ஏட்டி, இது எந்தப் பதிப்புக்க நம்பர்?”

“எந்தப் பதிப்பா இருந்தா என்னல? வரி ஒண்ணுதானே!”

“அதெப்பிடி ஒண்ணாவும்? எனக்க புக்குல பன்னிரண்டு வரி தள்ளிக் கெடக்கு.”

ஸ்மைலின் அவன் புத்தகத்தைப் பிடுங்கித் தானே எண்ணிப் பார்த்தாள்; பன்னிரண்டேதான். சின்ன வயதில், தேவாலயத்து ஓய்வுநாள் பள்ளியில் வேத வசனம் தேடும் போட்டி என்றால் அவள்தான் முதலில் எழுந்து வாசிப்பாள். அதிகார எண்ணும் வசன எண்ணும் சொல்லிவிட்டால், கிழிந்த வேதாகமமோ புத்தம் புதிதோ, யார் கையில் இருந்தாலும் அதே எண்ணில் அதே வசனம். எண் அசையாது என்பது அவளுக்குள் ஊறிப்போன சங்கதி. சந்தேகப்படக்கூடத் தோன்றவில்லை. நாடகத்திலோ, பாத்திரங்கள் உரைநடையில் பேசும் இடங்களில் தாளின் அகலத்துக்கு ஏற்ப வரி உடையும்; எண்ணும் மாறிவிடும். இதை யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா? குழுவில் அத்தனை பேரும் அவளை நம்பித் தலையாட்டியிருக்கிறார்கள்.

வாயை மூடிக்கொண்டால் கருவி வெளியாகும், பெயரும் அவளுக்குத்தான். ஆனால் எங்கோ இருக்கிற பிள்ளைகளின் கட்டுரைகளில் தப்பான எண் ஏறும். சொன்னால் பொறுப்பு போய்விடும். இரண்டும் வேண்டாமென்றால் அவளுக்குப் பழகின வழி ஒன்று உண்டு, ராஜினாமா. அதைத் தட்டச்சு செய்தும் வைத்துவிட்டாள். பிறகு பஸ் ஏறி வடசேரிச் சந்தைக்குப் போனாள். ஒன்றும் வாங்காமல் சுற்றிவிட்டுத் திரும்பினாள். ராஜினாமாவை அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி நிறுவனத்துக்கு எழுதினாள். அனுப்புமுன் மூன்று தரம் வாசித்துப் பார்த்தாள். பயம்தான், வேறென்ன.

வெளியீடு தள்ளிப்போனது. பொறுப்பு, அவளுக்குக் கீழே இருந்த ஜிபினுக்குப் போனது. அவளுக்கு மிஞ்சியது, ஒவ்வொரு பதிப்பாக எடுத்து, எந்த வரி எங்கே விழுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. மாதக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டிய வேலை. படுபாவிகள், தேடிப் பிடித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

சிவபிரசாத் போனில் மெல்லக் கேட்டான். “மக்கா, வேற எங்கயாவது வேலை இருக்கான்னு பாக்கட்டா?”

ஸ்மைலின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணும் வேண்டாம். நீ உனக்க புக்கை எடு. மூணாம் அங்கம், ரெண்டாம் காட்சி. மெதுவா வாசி, நான் எண்ணுகேன்.”