வெள்ளிக்கிழமை பன்னிரண்டு முதல் இரண்டு வரை

சுனாமி வீட்டுத் திட்டத்துக்காகக் கல்முனையில் திறந்திருந்த ஒரு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஆறு கணினிகள், பன்னிரண்டு பேர். கணினிக்குள் எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் சாதாரணப் பயனர்கள். மனேஜர்கூடத் தன் கணக்குக்குள் போக முடியாவிட்டால் என் மேசைக்கு வந்து நிற்க வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"கொம்பியூட்டர் என்ன உள்ளுக்கு விடுதில்ல" என்று வருவார்கள். "அதுக்கு ஒங்கள அடையாளம் தெரியல்லயாம்" என்று கேலி செய்துவிட்டு எழுந்து போவேன். பாதிப் பேருக்குப் பெரிய எழுத்துப் பொத்தான் அமுங்கியிருக்கும். மீதிப் பேர் காலையில் மாற்றிய கடவுச்சொல்லை மத்தியானம் மறந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமைதான் தலையிடி. ஜும்ஆவுக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்கு ஓடுவோம், பெண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கணினிகள் திறந்தபடியே கிடக்கும். அப்படி ஒரு வெள்ளியில் கரண்ட் போய், வீட்டுப் பட்டியல் இருந்த கணினி கெட்டுவிட்டது. பட்டியலை மீட்க நான்கு நாள் பிடித்தது. அந்த எரிச்சலில் எல்லாக் கணக்குகளுக்கும் ஒரு நேரத்தடை போட்டேன். வெள்ளி பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை சாதாரணப் பயனர் யாரும் உள்ளே போக முடியாது. உள்ளே இருப்பவரையும் அது வெளியே தள்ளிவிடும். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வரும்போது, பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டிக்கொண்டே எல்லோரிடமும் சொன்னேன். "மூள வேல செஞ்சிரிக்கி" என்றார் மனேஜர். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

எங்கள் பன்னிரண்டு பேரில் இருவர் தமிழர், மற்ற எல்லோரும் முஸ்லிம்கள். ஒருவர் ஓட்டுநர், கணினியைத் தொடுவதில்லை. மற்றவர் தகவல் பதியும் ஒரு பெண். கடற்கரையில் இருந்த அவருடைய வீட்டையும் தகப்பனையும் கடல் கொண்டுபோனது. தாயோடு உறவினர் வீட்டில் இருந்தார். அண்ணனை நாங்கள் அழைக்கிற மாதிரியே என்னை நானா என்பார், நான் தங்கச்சி என்பேன். நோன்பு மாதத்தில் எங்கள் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். நாங்கள் எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

தடை போட்ட அடுத்த கிழமையிலிருந்து அவர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். சலாம் மாதிரி ஒரு சிரிப்பு வரும், அதுவும் நின்றுபோனது. வன்னியில் யுத்தம் முடியப்போகிற நேரம். வெளியே யாரும் யாரோடும் மனம்விட்டுக் கதைக்காத நாட்கள். சரி, எங்கள் ஆட்களோடு கோபமாக்கும் என்று நானாகவே முடிவுகட்டினேன். ரோசம் வந்தது. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்று கிழமை அப்படியே போனது.

ஒருநாள் வேறு யாருக்கோ வந்த பிரச்சினைக்காகக் கணினியின் பதிவுகளைப் பார்த்தேன். யார் எப்போது உள்ளே போக முயன்று தோற்றார்கள் என்று அது எழுதி வைத்திருக்கும். முதல் வெள்ளி, பன்னிரண்டரை தாண்டி, அந்தத் தங்கச்சியின் பெயரில் ஏழு தடவை. இரண்டாம் வெள்ளி மூன்று தடவை. மூன்றாம் வெள்ளி ஒரே ஒரு தடவை.

அவருடைய மேசைக்குப் போய்ப் பழைய பழக்கத்தில் கேலியாகத்தான் கேட்டேன். "என்ன தங்கச்சி, ஆக்கள் இல்லாத நேரத்தில என்ன வேல?"

அவர் வாசலை ஒருமுறை பார்த்தார். "ஆருக்கிட்டச் சொல்லிட்டீங்க நானா?" என்றார்.

"என்னத்தச் சொல்ற?"

"தெரிஞ்சிதானே அந்த நேரத்த மட்டும் பாத்து என்ட கணக்கப் பூட்டினீங்க."

எல்லோருடையதையும் பூட்டினேன், பள்ளிவாசல் படியில் எல்லோரிடமும் சொன்னேனே என்று சொல்லி, தடைப் பட்டியலைத் திரையில் திறந்து காட்டினேன். அவர் அதில் ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார்.

சுனாமிக்குப் பிறகு அவருடைய தம்பி வீடு கட்டும் மேசன் வேலை தேடிக் கிளிநொச்சிக்குப் போனவர். யுத்தம் தொடங்க அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். புலிகள் இருந்த வன்னியில் ஒரு தம்பி இருக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய காலமா அது? எங்கள் அலுவலகத்தில் முன்பு இருந்து வவுனியாக் கிளைக்கு மாறிய ஒருவர் உதவ ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பொருட்கள் கொண்டுபோகும்போது, வன்னியிலிருந்து காயப்பட்டு வந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்வார். வெள்ளி பன்னிரண்டரைக்கு அந்தப் பட்டியலை இரண்டு கிளைகளுக்கும் பொதுவான கோப்புறையில் போடுவார், ஒரு மணிக்கு அழித்துவிடுவார். எங்கள் அலுவலகம் வெறுமையாக இருக்கிற நேரம் என்பதால் அதைத் தெரிந்தெடுத்தார்கள். போனில் இந்தக் கதை கூடாது என்பது ஏற்பாடு.

தடையைப் பார்த்ததும் பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். யாராவது விசாரிக்க வருவார்கள் என்று மூன்று கிழமையாக வாசலில் வாகனம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்திருக்கிறார். நான் ரோசத்தோடு முகத்தைத் திருப்பியது அவருக்கு அதை உறுதியாக்கியிருக்கிறது.

எனக்கு வெட்கமாக இருந்தது. சுனாமி முடிந்த நாட்களில் பாடசாலைச் சுவர்களில் ஒட்டிய பட்டியல்களில் என் உடன்பிறந்த ராத்தாவின் பெயரைத் தேடி அலைந்தவன் நான். ஒரு பட்டியலைப் பார்க்க விடாமல் ஒருவரைத் தடுப்பது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அன்றைக்கே அவருடைய தடையை எடுத்துவிட்டேன். அந்த வெள்ளி பள்ளிவாசலில் குத்பா பிரசங்கத்தின் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. திரும்பி வந்தபோது அவர் திரைக்கு முன்னால் இருந்தார். பட்டியலில் தம்பி இல்லை. பயத்தை விட்டுவிட்டு வவுனியாக்காரருக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

தடை போட்ட முதல் இரண்டு வெள்ளியும் தம்பியின் பெயர் பட்டியலில் இருந்ததாம். ஆஸ்பத்திரி வாட்டு இலக்கமும் போட்டிருந்தாராம். "நீங்க பாத்திருப்பீங்க, வந்துகொண்டிருப்பீங்க எண்டுதான் நினைச்சன்" என்றாராம்.

தாயும் மகளும் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்பது நாளாயிற்று. அந்தக் கட்டிலில் வேறு ஒருவர். காலில் காயம்பட்ட பொடியன், கல்முனையிலிருந்து ஆட்கள் வந்தார்களா என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தான் என்று வாட்டில் துப்புரவு செய்யும் பெண் சொன்னாராம். ஒருநாள் காலையில் நிறையப் பேரைப் பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள், எங்கே என்று தெரியாது என்றாராம். அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் வரவில்லை. இன்றுவரை இல்லை.

திரும்பி வந்து என் மேசையின் முன்னால் நின்றபடியே இவ்வளவையும் சொன்னார். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை.

"என்னாலதான் தங்கச்சி" என்றேன். "மன்னிச்சிக்கங்க. வேணுமெண்டு செய்யல்ல."

"ஓம் நானா, தெரியும்" என்றார். "நாங்களும் இஞ்ச இரிக்கிறம் எண்டு உங்களுக்கு ஞாபகம் வரல்ல. அவ்வளவுதான்."