பத்து மணி மிஸ்டு கால்

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் தொட்டில் என்று பெயர். டவுன் பஸ் ஓட்டுகிறவருக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்பவர்கள் அவர் வண்டியில் ஒருமுறையாவது ஏறியிருக்க வேண்டும். நின்றுகொண்டு வருபவர்கூடக் கம்பியில் சாய்ந்து தூங்கிவிடுவார். நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது என்று கண்டக்டரிடம் சண்டைக்கு வருவார்கள். "என்னை ஏன் கேக்குறீங்க, தாலாட்டுறவரைக் கேளுங்க" என்பார் கண்டக்டர். இருபத்தோரு வருஷத்தில் அவர் வண்டி ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அதில் மட்டும் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதற்கும் அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் காலை டிப்போ டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியவர் அப்படியே சரிந்தார். வலிப்பு. அதுவரை வந்ததே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன்பே வந்ததே, அந்த மட்டும் தப்பித்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். தப்பித்தது வண்டியில் ஏற இருந்தவர்கள், மாட்டிக்கொண்டது நாங்கள்.

டாக்டர் தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கம்பெனி விதி இதுதான். நூற்று எண்பது நாள் ஒரு தடவைகூட வலிப்பு வராமல் இருந்தால் டாக்டர் சர்டிபிகேட் தருவார், பழையபடி பஸ் ஓட்டலாம். நடுவில் வந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. முதல் இரண்டு மாதம் பாதிச் சம்பளம், அதற்குப் பிறகு காலணா கிடையாது. ஒரு வருஷம் வரை அவர் இடத்தைப் பிடித்து வைப்பார்கள். அதற்குள் சர்டிபிகேட் வராவிட்டால் வேலையே போய்விடும். இவர் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, படுக்கப் போகும் முன் அன்றைய தேதியை ஒரு கோடு போட்டு அடிக்க ஆரம்பித்தார்.

நான் ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் இருக்கிறேன். துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான பெரிய உருளைக்குள் விட வேண்டும். ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை எதிரில் நிற்பவள் பிடிப்பாள். அந்தச் சம்பளத்தில் இரண்டு வயிறு நிறைந்துவிடும். வாடகைக்குத்தான் வயிறே நிறையாது. அதனால் தினம் நான்கு மணி நேரம் கூடுதலாக வாங்கிக்கொண்டேன். காலை ஐந்தரைக்குப் போனால் மாலை ஏழுக்கு வருவேன். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகளிடம், "அப்பாவுக்கு லீவு பாக்கி நிறைய இருந்துச்சு, எடுத்திருக்கார்" என்று சொல்லி வைத்தோம். மருமகனிடம் கை நீட்டுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்றார் இவர். அந்த வீறாப்பில் நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை.

வீட்டுச் செலவை அதுவரை நான்தான் பார்த்தேன். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார், அதோடு அவர் வேலை முடிந்தது. இப்போது நான் வீட்டிலேயே இல்லாததால் நிதி மந்திரி பதவி அவருக்குப் போனது. வேண்டாத வேலை பார்த்துவிட்டேன். கேட்டவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்த மனுஷன், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவராக மாறிவிட்டார். சோப்பை இரண்டாக நறுக்கி ஒரு பாதியை ஒளித்து வைப்பார். மின்சாரம் மிச்சமாகும் என்று ஃபிரிட்ஜை அணைத்து வைத்துப் பாலைத் திரிய விட்டார். இரண்டு போனுக்கும் இருப்பதிலேயே மலிவான திட்டம் போட்டார், பேசினால் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு. "யாரு நம்மளக் கூப்பிடப் போறாங்க" என்றார். அது மட்டும் சரியாகத்தான் இருந்தது.

ஆரம்பத்தில் டிப்போ டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அவர் டீக்கும் சேர்த்து மற்றவர்களே காசு கொடுத்தார்கள். ஒரு நாள் கொடுத்தார்கள், இரண்டு நாள் கொடுத்தார்கள், மூன்றாவது நாள் இவரே போவதை நிறுத்திவிட்டார். எங்கள் கட்டடத்தில் இன்னும் மோசம். கை கால் கட்டுப் போட்டிருந்தால் ஊர் நம்பும். இவரோ குத்துக்கல் மாதிரி இருந்தார். மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள், "என்னண்ணே, ஆள் நல்லாத்தானே இருக்கீங்க, இன்னும் வேலைக்குப் போகலையா?" என்பார்கள். வலிப்பு என்று சொல்ல இவருக்கு வாய் வராது. சொன்னால் நாளைக்கு இவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறுவார்களா? அதனால் சிரித்துவிட்டு மேலே வந்து கதவைச் சாத்திக்கொள்வார். பகல் முழுக்க அந்த இரண்டு அறையில் அவரும் ஒரு மின்விசிறியும்தான். அதையும் பாதி நேரம் அணைத்து வைத்திருப்பார்.

நான் வரும்போது தட்டு எடுத்து வைத்திருப்பார். அன்றைக்குத் தக்காளி என்ன விலை, எந்தக் கடையில் ஒரு ரூபாய் குறைவு என்று சொல்லுவார். எனக்குக் கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கும். "ம்" என்பேன். அந்த ஐந்து மாதத்தில் நான் அவரிடம் அதிகம் பேசிய வார்த்தை அந்த "ம்"மாகத்தான் இருக்கும். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

நான்காவது மாதக் கடைசியில் ஒரு அதிசயம் நடந்தது. வாடகை போக, மளிகை போக, கையில் பணம் மிஞ்சியது. "பரவாயில்லையே, கெட்டிக்காரர்தான்" என்று சொன்னேன். ஐந்து மாதத்தில் நான் அவரைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். முகம் மலர்ந்துபோய், "உன் செருப்பு அடி தேஞ்சு கிடக்கு. முதல்ல அதை மாத்து" என்றார். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற கால். மெத்தென்று ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன். பணம் எங்கிருந்து மிஞ்சியது என்று கேட்கவில்லை. வருகிற சீதேவியை ஏன் கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

நூற்று நாற்பத்து மூன்றாம் நாள் மாலை நான் வந்தபோது தட்டு எடுத்து வைக்கவில்லை. பால் பாத்திரம் அடி கருகித் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. இவர் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பாத்திரத்தைக் கருக்கிட்டீங்களா? புதுசு வாங்க உங்க மந்திரிசபைல காசு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினேன்.

"வந்துடுச்சும்மா" என்றார். பேச்சு குழறியது. நாக்கின் ஓரம் கடிபட்டு வீங்கியிருந்தது. "பத்து மணிக்குப் பால் வச்சேன். அடுத்து பாத்தா தரையில கிடக்கேன். மணி பத்து இருபது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி வரும், மாத்திரைதான் ஒழுங்காகப் போட்டீர்களே என்று கேட்டேன். அவர் எழுந்து மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே எல்லாம் அரை அரையாக இருந்தது. பிளேடால் நறுக்கியிருக்கிறார், சோப்பை நறுக்கிய மாதிரியே. ஆறு வாரமாக வேளைக்கு அரை மாத்திரை. வீட்டுச் செலவிலேயே பெரிய செலவு அதுதானாம். ஒரு மாதமும் வலிப்பு வரவில்லை, பாதி போதும் என்று இவராகவே முடிவு பண்ணிவிட்டாராம். எனக்கு வாசலில் கிடந்த செருப்புதான் கண்ணில் பட்டது.

அப்போது நான் கேட்டதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் பொய் எழுதினதாகிவிடும். இன்னும் முப்பத்தேழு நாள்தானே என்று என் மனம் அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. நாக்கில் நரம்பில்லாமல் கேட்டேன். "யாரும் பாக்கலையே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நானே பாக்கலம்மா. அதான் பயமா இருக்கு" என்றார்.

அவரே போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தார். அன்றைய தேதிக்குக் கோடு போடவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போதும் நான் அதையேதான் மென்றுகொண்டிருந்தேன். முழு மாத்திரை போட்டால் வராது, முப்பத்தேழு நாளைக் கடத்திவிடலாம், வெளியே சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம். வண்டி நிரம்பியிருந்தது. டிரைவர் சின்னப் பையன், திருப்பத்தில் ஒரு வெட்டு வெட்டினான். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். என் புதுச் செருப்பை யாரோ மிதித்தார்கள். ஒரு பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அந்தச் சீட்டில் இவர் உட்கார்ந்திருந்து, பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தவர் பத்து இருபதுக்குத்தான் கண் விழித்தார் என்றால்? முன்தினம் அவரைப் பயமுறுத்தியது இதுதான். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது, அவர் சொல்லியும் எனக்குப் புரியவில்லை.

போய்ச் சொல்லிவிடுவோம் என்று சொல்வதற்காக மாலையில் அவசரமாக வந்தேன். காலண்டரில் பழைய கோடுகளை அப்படியே விட்டு, அன்றைய தேதியை மட்டும் வட்டம் போட்டு, பக்கத்தில் 1 என்று எழுதியிருந்தார். எனக்காகக் காத்திருக்கவில்லை, காலையிலேயே டாக்டரிடம் நடந்தே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மாத்திரையை நறுக்குனதுக்குத் திட்டினார். நல்லாவே திட்டினார்."

"நானும் ஒரு பங்கு திட்டணும்."

"திட்டு. காசா பணமா" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தட்டை எடுத்து வைத்துவிட்டார்.

இந்தத் தடவையும் தவறினால் வேலை போன மாதிரிதான். ஒரு வருஷக் கெடுவுக்குள் இன்னொரு நூற்று எண்பது நாள் அடங்குவது கஷ்டம். இது இருவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பகலில் அவர் விழுந்தால் மாலை ஏழு மணிவரை கேட்பாரில்லை என்பது எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. அதற்கும் நிதி மந்திரிதான் காசில்லாத வழி கண்டுபிடித்தார். பத்து மணிக்கு, ஒரு மணிக்கு, நாலு மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால். அடித்தால் நின்றுகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். "எடுத்துடாதே, எடுத்தா காசு" என்று பத்துத் தடவை சொன்னார்.

சலவைக் கூடத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பில் செருகி, மேலே ஏப்ரனைக் கட்டிக்கொள்வேன். பத்து மணிக்கு ஒருமுறை அதிர்ந்து நிற்கும். நான் விரிப்பை இன்னும் நேராகப் பிடிப்பேன். இப்படி இருபத்தைந்து நாள் ஓடியது.

இருபத்தாறாவது நாள் பத்து மணிக்கு அடிக்கவில்லை.

பத்து ஐந்து. பத்து பத்து. விரிப்பு கோணலாக உருளைக்குள் போனது. எதிரில் நின்றவள், "என்னாச்சுக்கா, கோணலாப் போகுது" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். தரையில் கிடக்கிறார், அடுப்பு எரிகிறது என்று கண்ணுக்குள் ஓடியது. வேலை போனால் போகட்டும், வாடகை போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த விரிப்பை எடுத்தேன்.

பத்து பதினேழுக்கு இடுப்பில் அதிர்ந்தது. முனையைப் போட்டுவிட்டுச் சுவர் ஓரம் போய் எடுத்தேன்.

"ஏம்மா எடுத்தே? காசு போகுதே" என்றார். குரல் தெளிவாக இருந்தது. "தண்ணி வந்துச்சு, பிடிச்சு வைக்கிறதுல நேரம் பாக்கல."

"போனா போகுது. பேசுங்க."

"என்ன பேச?"

"ஏதாவது. தக்காளி என்ன விலைன்னு சொல்லுங்க."

சொன்னார். தக்காளி விலை, வெங்காய விலை, கீழ்வீட்டுக்காரர் புதுசாகச் சைக்கிள் வாங்கியது, காலையில் ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்த ஒரு குருவி. அவர் இவ்வளவு பேசி நான் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் ஒரு "ம்" கூடச் சொல்லவில்லை, சொன்னால் அழுதுவிடுவேன்.

ஐம்பத்தெட்டாவது விநாடியில், இரண்டாவது நிமிஷத்துக்குக் காசு விழுவதற்கு முன்னால், வைத்துவிட்டார்.