மஞ்சள் கோடு இருந்ததா?

கே.கே. நகரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். ஒரு நாள், அழகான எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கித் திறந்தேன். திரை முழுக்கச் சிவந்தது. உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன என்று ஆங்கிலத்தில் மிரட்டல்.

திருமங்கலத்துக் கல்யாணம் ஒன்றின் படங்கள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தன. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது கண்கலங்கிச் சிரித்த அப்பா, அடுத்த வாரமே இறந்துபோயிருந்தார்.

"மும்தாஜ்!" என்று அலறினேன். பக்கத்து மேசையில் வீடியோ எடிட் செய்யும் தோழி ஓடிவந்து நெட் வயரைப் பிடுங்கினாள்.

"நான் போட்டுக் குடுத்த சாண்ட்பாக்ஸ்லதானக்கா தொறந்தீங்க? சுத்தி மஞ்சக் கோடு இருந்துச்சா?"

இணையத்திலிருந்து இறக்கும் எதையும் மற்ற கோப்புகளைத் தொடாதபடி தனிப் பெட்டிக்குள் அடைத்து வைக்கும் மென்பொருள் அது. அதற்குள் திறந்தால் சுற்றிலும் மஞ்சள் கோடு தெரியும். அவசரத்தில் பல நாள் அது இல்லாமலே திறந்திருக்கிறேன்.

"ஞாபகமே இல்லடி."

அவள் அந்தப் பெட்டியை அப்படியே அழித்தாள். சிவப்பு மறைந்தது. படங்களைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள்தான் திறந்தாள். அந்த அப்பா சிரித்தபடி இருந்தார்.

அன்று சரியான இடத்தில் திறந்தது தற்செயலாக நடந்தது. இப்போதெல்லாம் மஞ்சள் கோட்டைப் பார்த்த பிறகுதான் எதையும் திறக்கிறேன்.