முப்பதாம் பக்கத்துச் சட்டம்

என் முதல் நாவல் வெளிவந்த பிறகு ஆளாளுக்குக் கேட்டது ஒரே கேள்விதான்: வெளியே போனவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? இரத்தினபுரியில் நான் படிப்பிக்கும் பாடசாலையில், தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு சிங்கள ஆசிரியைக்கும் கதையைச் சொல்லித் தொலைத்திருந்தேன். என்னைக் கண்டால் போதும், "ஈட்ட பஸ்ஸே மொகத வுணே, நங்கி?" என்று அதே கேள்வியைச் சிங்களத்தில் தொடங்கிவிடுவார். பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. தெரியாததால்தானே அந்த இடத்தில் முடித்தேன்!

அது வரப்போகும் ஒரு கெட்ட காலத்தின் கதை. ஒரு மலை முழுவதும் ஒரே கம்பெனியின் பிடியில் இருக்கிறது. லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டி. கேட்டைத் தாண்டினால் அது அலறும். கடைசியில் ஒரு பெண் பட்டியை அறுத்தெறிந்துவிட்டு கேட்டுக்கு வருகிறாள். காவலுக்கு நிற்கும் வாட்சர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவள் போய்விடுகிறாள்.

தொல்லை தாங்காமல் இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்தேன். அவள் போய்ச் சேர ஒரு பட்டணத்தை உண்டாக்கினேன். முன்னதைவிடப் பெரிய மதில், முன்னதைவிடக் கொடிய ஆட்சி, இருநூறு பக்கம். அச்செடுத்து, றக்வானைக்கு மேலே தோட்டத்தில் இருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பாள். முதல் நாவலை மூன்று தடவை வாசித்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, வளைவு வளைவாக ஏறும் பஸ்ஸில் குமட்டலோடு போய் இறங்கினேன். அக்கா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாசிச்சியா?"

"வாசிச்சேன். அந்த வாட்சரு என்னா ஆனாரு?"

"எந்த வாட்சரு?"

"எந்த வாட்சரா? நீதானேடி எழுதுன! ஒருத்தர் தப்பிச்சுப் போனா அந்த லயத்துக்கே தண்டனைன்னு மொத புத்தகத்துல முப்பதாம் பக்கத்துல இருக்கு. அவ போயிட்டா. லயத்துல இருந்தவங்களுக்கு என்னா நடந்துச்சு? இந்த இருநூறு பக்கத்துல ஒரு வரி கூட இல்ல."

முப்பதாம் பக்கம் எனக்கு மறந்தே போயிருந்தது. பயங்காட்டுவதற்காக ஏதோ ஒரு காலையில் எழுதிய இரண்டு வரி.

"இது அவளோட கதைக்கா."

"அவளோட கதைன்னா, மத்தவங்கள எதுக்கு அந்த லயத்துல வச்ச?"

எனக்குச் சுர்ரென்றது. எங்கள் அம்மா படுக்கையில் விழுந்த வருடம் நான் இரத்தினபுரிக்குப் படிக்கப் போனேன். அக்கா படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். அதைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

"நீ உன்னப் பத்திப் பேசுறியா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "உனக்கு எல்லாமே உன்னப் பத்தித்தான். நான் வாட்சரப் பத்திக் கேட்டேன்."

திரும்பி வந்ததும் பதிப்பாளருக்குப் போன் செய்தேன். முதல் நாவலின் அடுத்த பதிப்பில் முப்பதாம் பக்கத்து இரண்டு வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "வாங்கின ஆளுங்க வீட்டுக்கெல்லாம் ரப்பரோட போவீங்களா?" என்றார். சிரித்தார் வேறு.

வேறு வழியில்லை. முதல் புத்தகத்தை எடுத்து, அதில் நான் போட்டிருந்த சட்டங்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். எவ்வளவு அலட்சியமாக எழுதியிருக்கிறேன்! ஏழு வருடம் மழையே இல்லை என்று ஓரிடத்தில் எழுதிவிட்டிருந்தேன். பட்டணத்துக் கதையிலோ அடைமழையில் மண்சரிவு. நான் கண்டுபிடித்த உலகம் என்னையே எங்கும் நகரவிடவில்லை. திட்டிக்கொண்டே பட்டணத்தை முழுவதும் கிழித்துப் போட்டேன்.

மீண்டும் எழுதியபோது கேட்டுக்கு உள்ளேயிருந்து தொடங்கினேன், அவள் போனதற்கு மறுநாள் காலையில். லயத்தை வரிசையில் நிறுத்துகிறார்கள். வாட்சர் தன் சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறார். அதன்பின் கதைக்காக நான் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. மழையில்லாத ஏழு வருடத்தில் வற்றிய தண்ணீர்ப் பீலி, அங்கே பெண்கள் காத்து நிற்கும் நேரம், அந்த நேரத்தில் அவர்கள் பேசிக்கொள்வது என்று பழைய சட்டங்களே ஒன்றையொன்று இழுத்து வந்தன. தப்பிப் போனவள் பாதிப் புத்தகம் தாண்டித்தான் வருகிறாள். வெளியே அவள் சாப்பிடும் முதல் சோறு தொண்டையில் இறங்கவில்லை, லயத்தில் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா அதையும் வாசித்தாள். நல்லா இருக்கு என்ற ஒரு சொல்லுக்காக நான் காத்திருந்தேன்.

"வாட்சருக்குப் பொண்டாட்டி இல்லியா? அந்தாளுக்கு யாரு சோறாக்கினா?"

தாள்களை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். இரண்டு மாதம் பேசவில்லை.

இப்போது புத்தகம் வந்துவிட்டது. அதில் வாட்சரின் மனைவிக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. வாசித்தவர்கள் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாராட்டுகிறார்கள். அக்காவிடம் மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவளைக் கையில் பிடிக்க முடியாது.