பிரித்துக் காட்டச் சொன்னார்கள்

கேன் க்ரீக் ஓடைக்கரைப் பெண்கள் போர்வை தைத்தால் சதுரமாகத் தைப்பார்கள், இல்லாவிட்டால் முக்கோணமாகத் தைப்பார்கள். நேராகப் போகிற தையல் யாரையும் ஏமாற்றாது. வளைவு அப்படியில்லை. உள்ளே குழிந்த துண்டையும் வெளியே பிதுங்கிய துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், இரண்டும் சண்டை போட்ட ஓரகத்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும். இழுத்துத் தைத்தால் நடுவில் சுருக்கம் விழும். தளர விட்டால் ஓரத்தில் மேடு தட்டும். அதனால் வட்டம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் வட்டமாக ஒரு துணியை வெட்டி, விளிம்பை மடித்து, இன்னொரு துணியின் மேல் வைத்துச் சுற்றித் தைத்துவிடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அது வேறு வேலை. மாவட்டம் முழுவதற்கும் நடக்கிற கவுன்டி கண்காட்சியில் மேல்வைத்துத் தைத்ததற்கு ஒரு பிரிவு, துண்டோடு துண்டு இணைத்துத் தைத்ததற்கு வேறு பிரிவு.

ஓர்ஃபா டாலிவர் இந்த ஓடைக்கரையில் பிறந்தவள் இல்லை. 1927-ல் எம்மெட் டாலிவரைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. அதற்கு முன் ஒன்பது வருஷம் ஆற்றோர நகரத்தில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே அவளுக்கு ஒரே வேலைதான், சட்டைக்குக் கை பொருத்துவது. கையின் உச்சி வெளியே வளைந்திருக்கும். தோளுக்குக் கீழே அது போய் உட்கார வேண்டிய இடம் உள்ளே வளைந்திருக்கும். காலை ஏழு மணியிலிருந்து சங்கு ஊதும்வரை கை, தோள், கை, தோள். ஒன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் ஆண்கள் அவள் பொருத்திய கையை மாட்டிக்கொண்டு அலைந்தார்களோ, ஒருத்தன் தோளும் பிடித்ததாகப் புகார் வந்ததில்லை.

பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பெண்கள் கூடித் தைக்கும் செவ்வாய்க்கிழமை ஒன்றில்தான் அந்தக் கைத்திறன் ஊருக்குத் தெரிந்தது. நெட்டி கோம்ப்ஸ் என்ற பக்கத்துப் பண்ணைக்காரி, வளைவுத் துண்டு இரண்டை மூன்று தடவை தைத்துப் பிரித்துவிட்டுக் கடுப்பில் கூடையில் எறிந்தாள். ஓர்ஃபா எடுத்தாள். இரண்டையும் பாதியாக மடித்து நடுவைக் கண்டுபிடித்தாள். குழிந்த துண்டின் ஓரத்தில் கத்தரி நுனியால் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, அதை மேலேயும் பிதுங்கியதைக் கீழேயும் வைத்து, நடுவோடு நடுவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள்.

"குண்டூசி வேண்டாமா உனக்கு?" என்றாள் நெட்டி.

"குத்திட்டா துணி அசையாது. அசையலேன்னா எப்படி வளையும்?"

"உன் புருஷனையும் இப்படித்தான் வளைச்சியா?"

"அவன் நேர்த்தையல். எனக்கு வேலையே வைக்கல" என்றாள் ஓர்ஃபா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்குச் சிரித்த பெண்கள், துண்டை விரித்துப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். தட்டில் ஊற்றிய மோர் மாதிரி சமமாகக் கிடந்தது.

அவள் தைத்ததிலேயே பெரிய போர்வை, கல்யாண மோதிரம் என்று எல்லோரும் சொல்கிற வடிவத்தில் தைத்தது. வட்டத்துக்குள் வட்டம் கோத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு வட்டமும் கட்டைவிரல் அகலத்துச் சின்னத் துண்டுகளால் ஆனது. அதில் நேரான தையலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எம்மெட் பன்றிக்கொழுப்பு டப்பாவின் தகரத்தில் அச்சுகள் வெட்டி, துணியைக் கிழிக்காமல் இருக்க விளிம்பை அரத்தால் ராவிக் கொடுத்தான். கோழித்தீவன மூட்டைகளின் பூப்போட்ட துணி, எம்மெட்டின் கிழிந்த சட்டைகள், நெட்டியின் பழைய சமையல் ஏப்ரன், எல்லாம் அதில் சேர்ந்தன. இரண்டு குளிர்காலம் ஆயிற்று. பஞ்சு வைத்து, அடித்துணி போட்டு, மூன்றையும் சேர்த்து இழையோட்டியது மூன்றாவது வருஷ வசந்தத்தில். ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்பதில் அவள் ஓர் இடத்திலும் குறைக்கவில்லை.

1936 செப்டம்பரில் அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள்.

அந்த வருஷம் தலைநகரத்திலிருந்து புதிதாக ஒரு பெண் நடுவர் வந்திருந்தார். லவீனியா க்ரட்சர் என்று பெயர். போர்வைகளைப் பற்றிப் பெண்கள் மன்றங்களில் பேசுகிறவர், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் துணியைத் தொடுவார். புதன்கிழமை போர்வைகள் தொங்கிய கொட்டகையைச் சுற்றிவந்தவர் ஓர்ஃபாவின் போர்வை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு, கைவேலைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ப்ரூயிட்டிடம், இது இணைத்துத் தைத்தது இல்லை, மேல்வைத்துத் தைத்துவிட்டு இணைத்தது என்று பொய்யாகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்றார். ஓடைக்கரையிலிருந்து வருகிற ஒரு பெண்ணால் இவ்வளவு வளைவைச் சுருக்கமே இல்லாமல் இணைக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். வேறு காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஓர்ஃபாவும் நெட்டியும் கொட்டகைக்குள் போனபோது போர்வையில் ஓர் அட்டை தொங்கியது. "பொய்ப் பதிவு. பரிசீலிக்கப்படவில்லை." ஓர்ஃபாவின் பெயரும் ஊரும் கீழே தெளிவாக எழுதியிருந்தது. அட்டையை நூலில் கட்டிவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மோதிரம் ஒன்றின் நடுவில், மெல்லிய வெள்ளைத் துணியில், தடித்த ஊசியால் குத்தியிருந்தார்கள்.

ஓர்ஃபா முதலில் ஊசியை உருவினாள். துளையை நகத்தால் நீவிவிட்டாள். பிறகு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவரைத் தேடிப் போனாள். ஜாம் பாட்டில்கள் வைத்திருந்த மேசையருகே இருந்தார் அவர்.

தான் மேல்வைத்துத் தைக்கவில்லை என்று ஓர்ஃபா சொன்னாள். மேல்வைத்த வேலை என்றால் ஓரத்தில் ஊசி ஏறி இறங்கின தடம் தெரியும், வந்து பாருங்கள் என்றாள். கைதேர்ந்தவர்கள் தடத்தை ஒளித்துவிடுவார்கள் என்றார் க்ரட்சர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம் என்றாள். பஞ்சு மறைக்கும் என்றார் அவர். விரலால் தடவிப் பாருங்கள், உள்ளே தையல் விளிம்பு தட்டுப்படும் என்றாள். கையுறையைக் கழற்ற அவருக்கு மனமில்லை.

"கைதேர்ந்தவ ஒளிச்சுடுவான்னு சொல்றீங்க. ஓடைக்கரைக்காரிக்குக் கை தேறாதுன்னும் சொல்றீங்க. ரெண்டுல எதும்மா நான்?" என்று கேட்டாள் ஓர்ஃபா.

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். க்ரட்சர் அம்மாளின் முகம் சிவந்துபோயிற்று.

"உள்ளே பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது. அவ்வளவு நிச்சயமா இருந்தா பிரிச்சுக் காட்டு" என்றார்.

யாரும் பிரிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொன்ன சொல் அது. மூன்று வருஷ வேலையை எவள் பிரிப்பாள்? நெட்டி ஓர்ஃபாவின் முழங்கையைப் பிடித்து, வேண்டாம், அவளுக்கும் உனக்கும் என்ன, மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று மன்றாடினாள். கோவேறு கழுதைகளின் கொட்டகையில் இருந்த எம்மெட்டுக்குச் செய்தி போய், அவனும் வந்தான். அட்டையை வாங்கிப் படித்தான். படித்து முடிக்க அவனுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

"நீ என்ன நினைக்கிற?" என்று அவனிடம் கேட்டாள்.

"தைச்சது நீ. பொய்க்காரின்னு எழுதினது உன் பேரை. நான் என்ன நினைக்கிறதுக்கு இருக்கு" என்றான். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

அவள் உட்கார்ந்தாள். ஓரப்பட்டியை ஒரு முழத்துக்குப் பிரித்தாள். அதன்பிறகு இழையோட்டம். கத்தரி நுனியை ஒவ்வொரு தையலுக்கு அடியிலும் விட்டு, துணியில் படாமல் நறுக்கி, நூலை உருவினாள். சீக்கிரம் முடிகிற காரியமா அது? கெட்டியாகத் தைத்தவளுக்கே அது தண்டனையாகிப் போயிற்று. ஏனோதானோவென்று தைத்திருந்தால் பத்து நிமிஷத்தில் பிரிந்திருக்கும். இரண்டு மணி நேரம் பிரித்தாள். கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது, கேக் போட்டி பார்க்க வந்தவர்கள்கூட இங்கே வந்து நின்றார்கள். ஓர்ஃபா நிமிரவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

கடைசியில் அடித்துணியை விலக்கி, பஞ்சை ஒதுக்கி, போர்வையின் உட்புறத்தைத் தூக்கிக் காட்டினாள். துண்டோடு துண்டு சேர்ந்த விளிம்புகள் ஒரே அகலத்தில் வட்டமாகப் போயின. குழிந்த ஓரங்களில் கத்தரி வெட்டுகள், அரிசிமணி இடைவெளியில் வரிசையாக. எங்கும் ஒரு மடிப்பு இல்லை.

க்ரட்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கையுறையைக் கழற்றி, ஒரு விளிம்பை விரலால் தொட்டார்.

"இணைச்சுத் தைச்சதுதான்" என்றார், பக்கத்தில் இருந்தவருக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில்.

அப்போது ப்ரூயிட் விதிப்புத்தகத்தைத் திறந்தார். விஷமத்துக்குச் செய்தார் என்று சொல்ல முடியாது, புத்தகத்தை விட்டால் வேறு எதையும் நம்பாத ஆள். சேதமானதையோ முடிக்காததையோ பரிசுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதி ஒன்பது சொல்கிறது, ஓரம் பிரிந்த போர்வை முடிக்காத போர்வைதானே, என்றார். நடுவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, விதி விதிதான், வருத்தமாகத்தான் இருக்கிறது என்றார். முதல் பரிசான நீல ரிப்பன் ஹேசல் ஆம்பர்கியின் நட்சத்திரப் போர்வைக்குப் போயிற்று.

ஓர்ஃபா எழுந்தாள்.

"பிரிக்கச் சொன்னது நீங்க. பிரிச்சேன். பிரிச்சதால செல்லாதுங்கறீங்க. பிரிக்காட்டி நான் பொய்க்காரி. எந்தப் பக்கம் போனாலும் என்னை உள்ளே விடக் கூடாதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா, நான் வீட்டுல இருந்து பீன்ஸ் உரிச்சிருப்பேனே" என்றாள்.

ப்ரூயிட் விதிப்புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவள் போர்வையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வீட்டுக்குப் போகவில்லை. எம்மெட்டின் வண்டி கண்காட்சி வாசலுக்கு எதிரே, பொதுச்சாலையில் நின்றது. அதன் பக்கப்பலகையில் போர்வையை உட்புறம் தெரியும்படி தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். வருகிறவர் போகிறவர் யார் கேட்டாலும் நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்பாதவர்களிடம், இரண்டு துண்டு துணி கொடுங்கள் என்று வாங்கி, அவர்கள் கண்முன்னால் வளைவைத் தைத்து நீட்டினாள். இது உலகத்தில் நடப்பதுதானே, விட்டுவிடு என்று புத்தி சொல்ல வந்த பாதிரியாரிடம், உலகத்தில் நடக்கிறது என்பதால் தன் வீட்டுப் போர்வையில் நடக்கலாமா என்று கேட்டாள். அவர் அவளிடமே சோளரொட்டி கொஞ்சம் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹேசல் ஆம்பர்கி நீல ரிப்பனை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். நல்ல மனுஷி, கண் கலங்கியிருந்தது.

"இது உன்னுது, ஓர்ஃபா. வாங்கிக்கோ."

"அது உன்னுதுதான். உன் நட்சத்திரம் ஒவ்வொண்ணும் முனை சேர்ந்திருந்துச்சு, நானே பார்த்தேன். எனக்கு வேண்டியது ரிப்பன் இல்ல, ஹேசல். என்னைப் பொய்க்காரின்னு எழுதின கை, இல்லன்னு எழுதணும்."

ஹேசல் வந்த வழியே திரும்பிக் கொட்டகைக்குள் போனாள். தன் நட்சத்திரப் போர்வையைக் கயிற்றிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளைப் பார்த்து நெட்டி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பதினோரு பெண்கள். தடுக்கப்போன ப்ரூயிட், கண்காட்சி முடியும் முன் எடுக்கக் கூடாது என்று விதி இருப்பதாகச் சொன்னார். எங்கே, காட்டுங்க என்றாள் நெட்டி. அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே கயிறுகள் காலியாகிவிட்டன. சாயங்காலம் கொட்டகைக்குள் வந்தவர்கள் பார்த்தது ஊறுகாய் பாட்டிலும் வெற்றுக் கயிறும்தான். போர்வைகள் எல்லாம் சாலையோர வேலியில் தொங்கின.

சனிக்கிழமை காலையில் லவீனியா க்ரட்சர் தனியாக நடந்து வந்தார். தொப்பி இல்லை, கையுறை இல்லை. கண்காட்சிக் கமிட்டி அனுப்பியதா, அவராக வந்தாரா என்று தெரியாது. புது அட்டை ஒன்று கொண்டுவந்திருந்தார். இந்தப் போர்வை முழுவதும் துண்டோடு துண்டு இணைத்துத் தைக்கப்பட்டது, நான் வேறு மாதிரி எழுதியது தவறு என்று எழுதி, முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஓர்ஃபா இரண்டு தடவை படித்தாள்.

"இதைக் கொட்டகைக்குள்ள சத்தமா படிங்க. அட்டையை எல்லாரும் பார்க்கத்தானே தொங்கவிட்டீங்க" என்றாள்.

அவர் படித்தார். கையெழுத்துவரை ஒரு சொல் விடாமல் படித்தார். ஓர்ஃபா நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும் என்று நெட்டியிடம் பிற்பாடு கேட்டாள்.

அடுத்த வருஷ விதிப்புத்தகத்தில் பத்தாவது விதி ஒன்று சேர்ந்தது. தைத்தவரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பொருளையும் பிரிக்கச் சொல்லக் கூடாது என்று. அதைக் கேட்டு ஓர்ஃபாவுக்குக் கோபம்தான் வந்தது. நான் சம்மதித்துத்தானே பிரித்தேன், இவர்களுக்கு இன்னும் எங்கே தப்பு என்று புரியவில்லையே என்று அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். பிறகு போட்டிக்கு ஒரு போர்வையும் அனுப்பவில்லை. ஆனால் தைப்பதை நிறுத்தவில்லை. பதினான்கு தைத்தாள், பதினான்கும் வளைவு. யாராவது அந்தக் கண்காட்சிக் கதையை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தால், இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். எம்மெட் காலமான பிறகும், தலை முழுக்க நரைத்த பிறகும் அந்தச் சூடு தணியவில்லை.

1949-ல் கமிட்டி அவளையே நடுவராகக் கூப்பிட்டது. தைத்தவர்கள் தங்கள் போர்வையின் பக்கத்தில் நிற்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன் என்றாள். அதற்கு முன் அப்படி வழக்கமில்லை, ஆனாலும் சம்மதித்தார்கள். பதினொரு வருஷம் நடுவராக இருந்தாள். ஒவ்வொருத்தியிடமும் நின்று, எந்த இடத்தில் கஷ்டப்பட்டாய் என்று கேட்பாள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நகர மாட்டாள். பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய தீர்ப்பு நாலு மணியாகும். கமிட்டிக்காரர்கள் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள். அவள் அடுத்த போர்வைக்குப் போவாள்.