டிவியின் மூலையில் ஒட்டிய தாள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் லேப்டாப்பில் ஒரு கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். விருதுநகரில் கல்லூரிக்குப் போகிறவள். பரீட்சை முடிந்த சந்தோஷம். நான் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து கடலையை உடைத்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பனி மூடிய மலை, அடியில் ஓர் ஏரி, கரையில் ஒரு குதிரை. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் திரையின் நாலு பக்கமும் என்னென்னவோ அப்பிக்கொண்டிருந்தன. இடது மூலையில் ஒரு சிவப்புக் கோடு, வலது மூலையில் வட்டமாக ஒரு குட்டி மேப், மேலே திசைகாட்டி, கீழே எழுத்துகள்.

“எதுக்கும்மா இதெல்லாம், படத்தை மறைச்சுக்கிட்டு?” என்று கேட்டேன்.

“வேண்டாம்னா எடுத்துரலாம்ப்பா” என்று எங்கேயோ ஒரு தட்டுத் தட்டினாள். அத்தனையும் மறைந்துவிட்டன. மலையும் ஏரியும் குதிரையும்தான் மிச்சம்.

சிரித்ததில் எனக்குக் கடலை புரையேறிவிட்டது. அவள் என் தலையில் தட்டிக்கொண்டே, “இதுல என்னப்பா சிரிப்பு?” என்றாள். “இதை நான் நீ பிறக்குறதுக்கு முந்தியே பண்ணியாச்சு, மைதா பசைய வச்சு” என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

அப்போது நான் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னவன் நான். ஆங்கிலத்தில் எழுத்துகளின் முகம் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கலர் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு இந்த நாலையும் ஒன்றன்மேல் ஒன்று அடித்தால் உலகத்தில் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்துவிடலாம். புலி, ரோஜா, அருவி, பாய்மரக் கப்பல் எல்லாம் என் கை வழியாகத்தான் பெட்டி மூடிக்குப் போயின. சட்டையில் எப்போதும் மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் லேசாக நகர்ந்துகொள்வார்கள். நான் கூச்ச சுபாவி என்பதால் அது எனக்கு வசதியாகவே இருந்தது. பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா?

பிரஸ்காரன் கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அச்சடித்த தாளின் ஓரத்தில், படத்துக்கு வெளியே, சில குறிகள் இருக்கும். வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட மாதிரி ஒன்று. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்கு. பட்டையாக ஒரு கலர் கோடு. மை அளவாக இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு. வேலை முடிந்ததும் கட்டிங் மிஷின் இதையெல்லாம் நறுக்கிக் குப்பையில் தள்ளிவிடும். ஓரத்தில் இருப்பது குப்பைக்கு, நடுவில் இருப்பது பெட்டிக்கு. நான் படித்த படிப்பு அதுதான்.

தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகளுக்கு ஒரு மாதம் போல லீவு. மறுபடி பூஜை போட்டுத்தான் திறப்பார்கள். லேபிள் வேலையும் படுத்துவிடும். ஊரில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கிற காலம் அது. அப்படி ஒரு லீவில்தான் பாக்கியம் அக்கா வீட்டுக்குக் கேம் பெட்டி வந்தது.

பாக்கியம் அக்கா ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் இருந்தார். வீட்டில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுவார். வளைகுடா நாட்டிலிருந்து லீவில் வந்த அவருடைய தம்பி, டிவியோடு சேர்த்து விளையாடும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அவன் பெண் பார்க்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்க, அக்கா முன்னறையைத் திறந்துவிட்டார். ஆளுக்கு அரை மணி நேரம். அலாரம் கடிகாரம் அடித்தால் ரிமோட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த அறைக்குள் போனாலே பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த மைதா பசை வாசனை மூக்கைத் துளைக்கும். இன்றைக்கும் பசை வாசனை வந்தால் எனக்குக் கடற்கரை ஞாபகம்தான் வருகிறது. காரணம் இருக்கிறது.

அந்தக் கேம் ஒரு கடற்கரையில்தான் ஆரம்பிக்கும். நீல மேலாடை போட்ட ஒருத்தன் மணலில் கண் விழிப்பான். அவனிடம் ஒன்றும் இருக்காது. எதிரே காடு, காட்டுக்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் வெகு தூரத்தில் ஒரு மலை, மலை உச்சியில் மினுக் மினுக்கென்று ஒரு விளக்கு.

என்னை அங்கே கூட்டிப் போனவன் கருப்பசாமி. அச்சங்குளத்துக்கும் சிவகாசிக்கும் லோடு வேன் ஓட்டுகிறவன், என் கூட்டாளி. “அந்தா தெரியுதுல்ல மலை? அது சும்மா வரைஞ்சு வச்ச படம் இல்ல மாப்ள. அங்கன நடந்தே போகலாம்” என்றான்.

நான் எத்தனை மலை அடித்திருக்கிறேன்! அதில் ஒன்றுக்காவது யாராவது போக முடியுமா? எல்லா மலையும் கட்டிங் கோட்டோடு முடிந்துபோகும். இங்கே ஒரு மலை, வா என்று விளக்குப் போட்டுக் கூப்பிடுகிறது. அந்த மலைக்கு எப்படியாவது போய்விட வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் மாதிரி வாள் தேடவில்லை, புதையல் தேடவில்லை. எனக்கு அந்த மலை போதும்.

ஆனால் இரண்டாம் நாளே ஒரு காரியம் செய்துவிட்டேன். டிவி மூலையில் ஒரு சிவப்புப் பட்டை, இன்னொரு மூலையில் வட்டத்துக்குள் கோடு. நம் தொழில்தான் தெரியுமே! இது கலர் பட்டை, அது சேர்மானக் குறி. படத்தைச் செய்தவன் கட்டிங் போடாமல் அனுப்பிவிட்டான் என்று முடிவு கட்டினேன். பிரஸ்ஸிலிருந்து கறுப்புத் தாள் துண்டு இரண்டு கொண்டுபோய், அக்கா குழம்பு கிண்ட அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, அவருடைய பசையையே எடுத்து டிவி கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். ஆஹா, படம் எவ்வளவு சுத்தமாகிவிட்டது!

அக்கா கரண்டியோடு வந்தார்.

“ஏலே, என் டிவிக்கு என்ன பிளாஸ்திரி? காயமா பட்டிருக்கு?”

“ஓரத்துல குறி தெரிஞ்சுச்சுக்கா... கட்டிங்ல விட்டுட்டாங்க போல...”

அறையே அதிர்ந்தது. கருப்பசாமி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டான். “அடப் பாவி! அந்தச் சிவப்புக் கோடுதான் உன் உசிரு. அது குறைஞ்சா ஆள் காலி. அத மறைச்சுட்டா எப்பச் சாவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு வந்துவிட்டது. “நமக்கு மட்டும் தெரியுதாக்கும்?” என்றேன்.

கருப்பசாமி சுவரிலிருந்து நிமிர்ந்தான். அறையில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர்கள். பிறகு முதலில் சிரித்தது அக்காதான். “பய சொல்றதும் சரிதானலே! அவன் முறைக்கு மட்டும் மறைச்சுக்கிடட்டும்” என்று தீர்ப்புச் சொன்னார். தாளைப் பிய்த்து, மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி, சன்னல் திரை மாதிரி தொங்கவிட்டேன். என் அரை மணிக்குத் தாள் இறங்கும். அலாரம் அடித்தால் ஏறும்.

உயிர்க்கோடு தெரியாததால் நான் செத்த சாவுக்குக் கணக்கே இல்லை. ஓநாய் கடித்துச் செத்தேன். பாறையிலிருந்து விழுந்து செத்தேன். ஆற்றில் மூழ்கித்தான் அதிகம் செத்தேன். ஒவ்வொரு தடவையும் கடற்கரையில் கண் விழிப்பேன். “வந்துட்டாருய்யா குளிச்சு முடிச்சு” என்பார் அக்கா.

அந்த ஆறுதான் என் வழியை மறித்தது. எங்கள் பக்கத்து ஆறுகளில் மணலும் சீமைக் கருவேலமும்தான் ஓடும். டிவியில் ஓடின தண்ணீரைப் பார்க்கவே சில பேர் வருவார்கள். என் முறையில் நான் ஆற்றங்கரையில் சும்மா நின்றால்கூட யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். “நில்லுலே, தண்ணி ஓடுறது நல்லாத்தான் இருக்கு” என்பார்கள்.

ஆற்றைக் கடக்கப் படகு உண்டு. ஆனால் படகுக்காரனிடம் பேச வேண்டும். பேச வேண்டிய ஆட்களின் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் பொட்டு மிதக்கும். பக்கத்தில் போய்ப் பொத்தானை அமுக்கினால் பேச்சு ஆரம்பிக்கும். அவன் ஒரு வேலை சொல்வான், அதை முடித்தால் அக்கரைக்கு விடுவான். அவ்வளவுதான் விஷயம். எனக்கு முடியவில்லை. பக்கத்தில் போவேன். அவன் முகத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பான். நான் திரும்பி ஓடிவிடுவேன்.

“ஏலே, டிவிக்குள்ள இருக்கிறவன்ட்டக் கூடவா வெக்கம்?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “உனக்குப் பொண்ணு பாக்கையில நாங்கதான் உனக்குப் பதிலா பேசணும் போல.”

“அவன் இங்கிலீஷ்ல கேப்பான்க்கா” என்றேன்.

“நீ தமிழ்ல கேட்டா மட்டும் பதில் சொல்லிருவியாக்கும்?”

நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஆலைகளில் பூஜை போடுகிற அன்றைக்குச் சாயங்காலம் தம்பி மறுபடி வளைகுடாவுக்குக் கிளம்புகிறான், கேம் பெட்டியும் அவனோடு போகிறது என்று தெரிந்துவிட்டது. மலையில் அந்த விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.

பூஜை நாள் வந்தது. ஆலைகளில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலத்தோடு எல்லாரும் நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தம்பி உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கடைசி அரை மணி யாருக்கு என்று பேச்சு வந்தது. கருப்பசாமிக்குத்தான் முறை. அவன் ரிமோட்டை என் மடியில் போட்டு, “போ மாப்ள. இன்னைக்காவது அந்தப் படகுக்காரன்ட்ட ஒரு வார்த்தை பேசித் தொலை” என்றான்.

போனேன். படகுக்காரன் திரும்பிப் பார்த்தான். வழக்கம்போல ஓடினேன். அறை முழுக்க ‘ச்சே’ என்றது.

ஆனால் இந்த முறை ஆற்றங்கரையோடு மேல்பக்கமாக ஓடினேன். யாரும் போகாத பக்கம் அது. மூலையில் இருந்த அந்த வட்டம் ஒரு குட்டி மேப். அதில் ஓர் அம்புக்குறி இருக்கும். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் போவார்கள். அது படகுக்காரனைத்தான் காட்டும். எனக்குத்தான் அம்புக்குறி தாளுக்கு அடியில் இருக்கிறதே! நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனேன். நல்ல கெட்டி நீலம். மை தாராளமாக விட்ட நீலம். போகப் போக ஓர் இடத்தில் அந்த நீலம் மெலிந்தது. மெலிந்த இடத்தில் அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்து லேசாகப் பச்சை தட்டியது. அச்சில் மை குறைந்தால் அடியில் இருக்கிற தாள் தெரியும். இங்கே தெரிவது எதன் மஞ்சள்? மணல். அப்படியானால் தண்ணீர் குறைவு!

இறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு. “செத்தான்” என்று யாரோ சொன்னார்கள். இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. மறுபடி தொடை, முழங்கால். அக்கரை.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி கையில் பெட்டிக் கயிற்றோடு ஓடி வந்தான். “அண்ணே, எங்கிட்டு வந்தீக? இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்கே தெரியாதே!”

அலாரம் அடித்தது. அக்கா கடிகாரத்தின் மண்டையில் ஒரு போடு போட்டு நிறுத்தினார்.

மலை ஏறினேன். உச்சியில் ஒரு கல் தூண், அதன்மேல் விளக்கு. கீழே செம்பட்டை முடியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் தலைக்கு மேல் மஞ்சள் பொட்டு.

“ஓடிராதலே” என்றார் அக்கா, மெதுவாக.

பொத்தானில் விரலை வைத்தேன். அமுக்கினேன். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். கீழே எழுத்து வந்தது. பத்தாவது வரை படித்த அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய், எழுத்துக்கூட்டி வாசித்தார். “‘ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்கீக. உக்காருங்க’ங்கிறா. காப்பித்தண்ணி தருவாளான்னு போடல.”

உட்கார்ந்தேன். படம் மெல்லப் பின்னால் நகர்ந்து திரும்பியது. நான் நடந்த இடம் மொத்தமும் தெரிந்தது. கடற்கரை, நான் ஓநாயிடம் செத்த காடு, ஆறு, ஆற்றின் குறுக்கே அந்த மெலிந்த நீலம். தூரம் போகப் போக நிறங்கள் வெளுத்துக்கொண்டே போயின. எந்த மிஷின்மேனும் அப்படி அடித்ததில்லை. ஓரத்தில் எறும்பு மாதிரி ஓர் ஆள், தலைக்கு மேல் மஞ்சள் பொட்டு.

“அந்தா நிக்கான் பாரு படகுக்காரன்” என்றான் கருப்பசாமி. “பாவம் மாப்ள, இன்னும் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கான்.”

கேம் பெட்டி அன்றைக்கே ரயிலேறிவிட்டது. அதற்குப் பிறகு நான் வாய் பேசப் பழகிவிட்டேன் என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்குப் பெண் பார்த்தபோது அக்காதான் பேசினார். இன்றைக்கும் ஹோட்டலில் இரண்டாம் முறை சாம்பார் கேட்பது என் மனைவிதான்.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார். அந்த முன்னறை செல்போன் கடையாகிவிட்டது. லீவில் அந்தப் பக்கம் போனால், கடை வாசலில் ஆளுக்கு ஒரு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் செத்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிவதில்லை. சிரிக்கவும் ஆள் இல்லை. கருப்பசாமி, இருபது வருஷம் லோடு ஏற்றிப் போன அச்சங்குளத்துக்கே போனில் அம்புக்குறி பார்த்துத்தான் வேன் ஓட்டுகிறான்.

அந்த டிவி வெகுநாள் இருந்தது. தாளைப் பிய்த்த பிறகும் பசைக் கறை போகவில்லை. மண்ணெண்ணெய், புளி, சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்தார் அக்கா. செய்தி வாசிக்கிறவர் தோளில் எப்போதும் ஒரு மங்கல் உட்கார்ந்திருக்கும். பழைய சாமான்காரன் தூக்கிப் போன அன்றைக்கும் அது இருந்ததாம். போன் பண்ணினால் அக்கா முதலில் கேட்பது, “ஏலே, என் டிவிக்குப் பிளாஸ்திரி போட்டவனா?” என்றுதான்.

கதையைக் கேட்டு முடித்த மகள், லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். ஏரிக்கரையில் குதிரை நின்றுகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரையின் மூலையை விரலால் தடவிப் பார்த்தேன். சுத்தமாக, வழுவழுவென்று இருந்தது.